விரால், சூரை: இரண்டு உடம்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

கண்மாய்க்கரை (இழையைத் தொடங்கியவர்)

சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம், பிழைப்பு தூத்துக்குடியில். அதனால் விரால், சூரை இரண்டையும் அறுத்துக் கழுவிப் பழக்கம் உண்டு. இந்த இரண்டு உடம்புக்கும் உள்ள வித்தியாசத்தை யாராவது முறையாகப் பேசினால் நன்றாயிருக்கும் என்றுதான் இந்த இழை.

விரால் உருண்டு நீண்ட உடம்பு. தலை தட்டை, தலைமேல் பெரிய பெரிய செதில்கள். முதுகுத் துடுப்பு ஒன்றே ஒன்று. தலைக்குப் பின்னால் ஆரம்பித்து வால் அடி வரைக்கும் ஓடுகிறது. கீழேயும் அப்படியே ஒரு நீளத் துடுப்பு. வால் வட்டம். சாம்பலோ கல்லுப்போ போட்டுத் தேய்க்காமல் கையில் நிற்காது. வாயைத் திறந்தால் உள்ளே அண்ணத்திலும் பல். சதை வெள்ளை.

சூரை எல்லாவற்றிலும் நேர்மாறு. நடுவில் பருத்து இரண்டு முனையிலும் கூர்ந்த உடம்பு. வால் பிறை வடிவம், வாலின் காம்பு என் கட்டை விரல் தடிமன்தான். செதில் இருப்பதே தெரியாது. தோள் பக்கம் மட்டும் கவசம் போலத் தடித்த செதில் பட்டை. அறுத்தால் ஆட்டுக்கறி நிறம்.

கேட்டால் எல்லோரும் சொல்வது: "அது குளத்து மீன், இது கடல் மீன்." எனக்கு அது போதவில்லை. கொடுவா கடலில் வாழ்கிறது, ஆனால் அதற்கு வால் வட்டம், சதை வெள்ளை. கெண்டை குளத்தில் கிடக்கிறது, அதன் வால் கவட்டை. ஆக, தண்ணீர் உப்பா நல்லதா என்பதைத் தாண்டி வேறு காரணம் இருக்க வேண்டும்.

என் எண்ணம் இது: இந்த இரண்டு மீனின் உடம்பும் மூச்சு விடும் வழியைச் சுற்றியே அமைந்தவை. வடிவம், சதை நிறம், வால், செவுள் எல்லாமே அதிலிருந்துதான் வருகின்றன. கடலில் போகிறவர்கள், விரால் வளர்ப்பவர்கள், விலங்கியல் படித்தவர்கள் வந்து சொல்லுங்கள்.

---

அலைவாய்

நான் குமரி மாவட்டக் கடற்கரை. தூத்தூர் வட்டாரத்துப் போட்டுக அரபிக்கடல்ல வாரக்கணக்குல தங்கி சூரை, சுறா பிடிக்கிறது ஊரறிஞ்ச சங்கதி. எங்க வீட்டு ஆளுகளும் அதுலதான். மஞ்சள் துடுப்புச் சூரையைப் பத்தி மட்டும் சொல்லுதேன்.

பெருசானா ரெண்டு மீட்டருக்கு மேல நீளம், 200 கிலோ வரைக்கும் எடை வரும். நாங்க கண்டதுல பெரும்பாலும் அதைவிடச் சின்னதுதான். உயிரோட பக்கத்துல பாத்தாதான் அந்த உடம்பு விளங்கும். முதல் முதுகுத் துடுப்பு மடங்கி முதுகுல இருக்குற பள்ளத்துக்குள்ள போயிரும், மேல ஒண்ணுமே தெரியாது. பக்கத் துடுப்புக்கும் உடம்புல ஒட்டிப் படுக்க இடம் இருக்கு. கண்ணு வெளிய பிதுங்காது, முகத்தோட மட்டமா இருக்கும். தண்ணி தட்டுற மாதிரி எந்த மேடும் உடம்புல கிடையாது.

ரெண்டாவது முதுகுத் துடுப்புக்குப் பின்னால மஞ்சளாக் குட்டிக் குட்டித் துடுப்பு வரிசையா ஏழுல இருந்து பத்து வரைக்கும் இருக்கும், அடியிலயும் அதே மாதிரி. வால் காம்போட ரெண்டு பக்கமும் கையில தட்டுற மாதிரி ஒரு வரம்பு இருக்கும். நீந்தும்போது முன்னுடம்பு ஆடாது. வாலும் காம்பும்தான் அடிக்கும். விரால், விலாங்கு மாதிரி உடம்பு பூரா நெளியுற வேலையே இல்ல.

அதுக்கு நிக்கத் தெரியாது. கண்மாய்க்கரை அண்ணன் சொன்ன மூச்சுக் கணக்கு இதுல சரியா வருது. மத்த மீனு நின்ன இடத்துல செவுள் மூடியத் திறந்து மூடி தண்ணி இழுக்கும். சூரைக்கு அது ஏலாது. வாயத் திறந்துக்கிட்டு ஓடினாத்தான் செவுளுக்குள்ள தண்ணி போகும். வலையில மாட்டி ஓட்டம் நின்னா கடலுக்குள்ளயே மூச்சு முட்டிச் செத்துரும்.

இன்னொண்ணு, தூண்டில்ல ரொம்ப நேரம் மல்லுக்கட்டின சூரையை வெட்டினா சதை வெளுத்து நொறுநொறுன்னு இருக்கும். உடம்புச் சூட்டுல வெந்துபோன மாதிரி. நல்ல விலைக்கு எடுக்குறவன் அதைத் தொடமாட்டான். அதனால ஏத்தின உடனே ரத்தம் வடியவிட்டு, செவுளையும் குடலையும் எடுத்து, ஐஸ்ல புதைக்கணும். கேட்டியளா, மீனுக்குச் சூடு உண்டுங்குறதை நாங்க பொஸ்தகத்துல படிக்கல, கையால தொட்டுத் தெரிஞ்சுக்கிட்டது.

---

விலங்கியல் ஆசிரியை

அலைவாய் சொன்ன சூட்டிலிருந்தே தொடங்குகிறேன். மூச்சுக்கும் சதை நிறத்துக்கும் உள்ள தொடர்பு அங்கேதான் இருக்கிறது.

ஜான் டேவி என்ற ராணுவ மருத்துவர் 1816 முதல் 1820 வரை இலங்கையில் பணியாற்றியவர். சூரைக் குடும்பத்து மீன் ஒன்றின் உடல் வெப்பம் 99 பாரன்ஹீட்டாகவும் சுற்றியிருந்த கடல்நீர் 80.5 பாரன்ஹீட்டாகவும் இருந்ததை 1835-இல் ராயல் சொசைட்டி வெளியீட்டில் பதிவு செய்தார். செல்சியஸில் சுமார் 10 டிகிரி வித்தியாசம். மீன் என்றாலே குளிர்ந்த ரத்தம் என்று எல்லோரும் நம்பியிருந்த காலம் அது. அந்தச் சூடு எப்படித் தங்குகிறது என்பது 1966-இல் பிராங்க் கேரியும் ஜான் டீலும் எழுதிய ஆய்வில் தெளிவானது.

பெரும்பாலான மீன்களின் ரத்தம் செவுள் வழியாகப் போய்த்தான் ஆக்சிஜன் எடுக்கிறது. செவுளில் ரத்தத்துக்கும் கடல்நீருக்கும் இடையே மெல்லிய சவ்வுதான். தசை உண்டாக்கிய சூடெல்லாம் அங்கே தண்ணீருக்குப் போய்விடும். சூரையின் உடம்பிலோ சூடான ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் நுண்குழாய்களும், செவுளிலிருந்து குளிர்ந்த ரத்தத்தைக் கொண்டுபோகும் நுண்குழாய்களும் ஒன்றோடொன்று நெருங்கி எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. போகிற வழியிலேயே சூடு குளிர்ந்த ரத்தத்துக்கு மாறிவிடுகிறது. செவுளுக்கு வந்து சேரும் ரத்தத்தில் இழப்பதற்குப் பெரிதாகச் சூடு மிச்சமிருப்பதில்லை.

அடுத்து, அந்தச் சிவப்பு. ஓயாமல் நீந்தும் தசைக்கு ஆக்சிஜனைத் தேக்கிவைக்கும் மையோகுளோபின் என்ற புரதம் நிறைய வேண்டும். அதன் நிறம்தான் சிவப்பு. பெரும்பாலான மீன்களில் சிவப்புத் தசை தோலுக்கு அடியில் பக்கவாட்டில் மெல்லிய பட்டையாக இருக்கும். சூரையில் அது உள்ளே போய் முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கிறது. சமைக்கும்போது பலர் கழித்துப் போடுகிற கருஞ்சதை அதுதான். சூட்டைக் காக்க அதைவிட நல்ல இடம் உடம்பில் இல்லை.

விராலின் வெள்ளைத் தசை வேறு வேலைக்கானது. மறைந்திருந்து ஒரே பாய்ச்சலில் தவளையையோ சிறு மீனையோ பிடிக்க அது போதும். சில நொடிகளில் தீரும் வேலைக்குத் தொடர்ச்சியான ஆக்சிஜன் தேவைப்படாது. நீளத் துடுப்புகளும் வட்ட வாலும் நின்ற இடத்திலிருந்து சட்டென்று தள்ளிவிட உதவுபவை. மணிக்கணக்கில் ஓடுவதற்கு அந்த வால் ஒத்துவராது.

---

சேத்துவயல்

தஞ்சாவூர் பக்கம் குட்டை வெட்டி விரால் வளர்க்கிறேன். விரால் மூச்சைப் பத்தி நான் சொல்றேன்.

விராலுக்குச் செவுள் இருக்கு, ஆனா அதை மட்டும் நம்பி அது பிழைக்க முடியாது. செவுளுக்கு மேல தலையில ரெண்டு பக்கமும் ஒரு அறை இருக்கு. உள்ளே மெல்லிய தோல், முழுக்க ரத்தக் குழாய். மேல வந்து ஒரு வாய் காத்து எடுத்து அந்த அறையில அடைச்சிக்கிட்டு கீழ போயிடும். குட்டை ஓரத்துல உட்கார்ந்தா அந்த 'ப்ளக்' சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். பண்ணையில நாங்க அந்தச் சத்தத்தை வச்சே மீன் நல்லாயிருக்கான்னு கணிப்போம்.

மேல வரவிடாம வலையைத் தண்ணிக்கடியில கட்டிவச்சா விரால் செத்துப்போகும். தண்ணியில எவ்வளவு ஆக்சிஜன் இருந்தாலும் அதேதான். புதுசா வளர்க்கிறவங்க இதைப் புரிஞ்சிக்காம, தொட்டியை விளிம்பு வரைக்கும் நிரப்பி, தாவாம இருக்க மூடியும் போட்டுடறாங்க. மூடி போடணும், ஏன்னா தாவும். ஆனா தண்ணிக்கும் மூடிக்கும் நடுவுல காத்து இடைவெளி கண்டிப்பா வேணும்.

சித்திரையில ஏரி வத்தும்போது சேத்துக்குள்ள புதைஞ்சு கிடக்கும். தோலும் அந்த மூச்சு அறையும் ஈரமா இருக்கிற வரைக்கும் உயிர் போகாது. மழை பேஞ்ச ராத்திரியில ஈர வரப்பு மேல நெளிஞ்சு அடுத்த வயலுக்குப் போறதும் உண்டு. அந்த வழவழப்பும் உருண்டை உடம்பும் தடித்த செதிலும் அதுக்குத்தான் உதவுது. சூரை மாதிரி வழுவழு வெள்ளி உடம்பு சேத்துல ஒரு நாள் தாங்காது.

---

வடலி

நான் யாழ்ப்பாணம். வன்னிக் குளங்களில விரால் தாராளம், விரால் கருவாடும் விரும்பிச் சாப்பிடுறம். சூரையும் எங்களுக்குப் புதுசில்லை. ரீச்சரிட்டை ஒரு கேள்வி. சூரைக்கறி சாப்பிட்டபிறகு சிலருக்கு முகம் சிவந்து, தலையிடி வந்து, உடம்பெல்லாம் தடிக்கும். எல்லாரும் "மீன் ஒத்துக்கொள்ளேல்லை" எண்டுதான் சொல்லுவினம். ஆனா அவையே விரால் சாப்பிட்டால் ஒண்டும் செய்யாது. இதுக்கும் உடம்பு அமைப்புக்கும் ஏதும் தொடர்பு இருக்கோ?

---

விலங்கியல் ஆசிரியை

> வடலி: இதுக்கும் உடம்பு அமைப்புக்கும் ஏதும் தொடர்பு இருக்கோ?

இருக்கிறது. சூரையின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் மிக அதிகம். மீன் இறந்தபின் சூட்டில் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றும். நீங்கள் சொன்ன அறிகுறிகள் ஹிஸ்டமின் தருபவை. பார்க்க ஒவ்வாமை போலவே இருக்கும், பெரும்பாலும் காரணம் மீனைக் கெட்டுப்போக விட்டதுதான். உண்டான ஹிஸ்டமின் வேகவைத்தாலும் பொரித்தாலும் போகாது, மணத்தை வைத்தும் எப்போதும் கண்டுபிடிக்க முடியாது. சூரை உடம்பு இறக்கும்போதே சூடாக இருப்பதால் உள்சதை குளிர நேரமாகும். அலைவாய் சொன்னபடி குடலெடுத்து ஐஸில் புதைப்பது சுவைக்காக மட்டும் அல்ல, சாப்பிடுகிறவரின் உடம்புக்காகவும்தான். மூச்சுத் திணறல் வந்தால் எந்தக் காரணமானாலும் உடனே மருத்துவமனை போங்கள்.

விராலைப் பெரும்பாலும் உயிரோடுதான் விற்கிறார்கள். காற்றை மூச்சாக எடுப்பதால் அண்டாவில் கொஞ்சம் தண்ணீரிலேயே சந்தை வரை உயிரோடு வந்துவிடுகிறது. கெட்டுப்போகவே நேரமில்லை.

---

கிள்ளான்வாசி

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே விராலை ஹருவான் என்பார்கள். அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் புண் ஆற ஹருவான் சூப் கொடுப்பது மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லார் வீட்டிலும் வழக்கம். இங்குள்ள பல்கலைக்கழகங்களிலும் அதன் சாற்றை ஆராய்ந்திருக்கிறார்கள்.

எனக்குச் சூரையின் வேகத்தில் ஒரு கேள்வி. மணிக்கு 75 கிலோமீட்டர் என்று எங்கும் போட்டிருக்கிறார்கள். அப்படியானால் மீன்களிலேயே அதுதான் மன்னன். இதில் சந்தேகம் யாருக்காவது உண்டா?

---

பழுப்புத்தாள்

எனக்கு உண்டு. அந்த எண் 1964-இல் நேச்சர் இதழில் வால்டர்ஸ், ஃபியர்ஸ்டைன் இருவரும் வெளியிட்ட அளவீட்டிலிருந்து வருகிறது. தூண்டிலில் மாட்டிய மீன் இழுத்துக்கொண்டு ஓடிய கயிற்றை வைத்து அளந்தார்கள். சில நொடிப் பாய்ச்சல்தான் அது. பின்னால் வந்த ஆய்வாளர்கள் தசை எவ்வளவு விரைவாகச் சுருங்க முடியும் என்பதைக் கணக்கிட்டு, பெரிய மீன்களைப் பற்றிச் சொல்லப்பட்ட உச்ச வேகங்கள் பலவற்றை ஐயத்தோடு பார்க்கிறார்கள். சாதாரணமாகச் சூரை போவது நொடிக்குத் தன் உடல் நீளத்தின் ஒன்றிரண்டு மடங்கு வேகத்தில்தான். அதே வேகத்தில் இரவும் பகலும் நிற்காமல் போவதுதான் அதன் பெருமை. பத்திரிகைக்காரர்கள் 75-ஐப் பிடித்துக்கொண்டு இதை விட்டுவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

துடுப்பைப் பற்றி ஒரு சேர்க்கை. சூரையின் இரண்டாவது முதுகுத் துடுப்பும் அடித்துடுப்பும் அரிவாள் போல நீண்டிருக்கும். அவற்றை அசைப்பதில் நிணநீரின் அழுத்தமும் பங்கெடுக்கிறது என்று 2017-இல் சயன்ஸ் இதழில் ஒரு ஆய்வு வந்தது. திரவ அழுத்தத்தால் துடுப்பின் கோணத்தை மாற்றித் திருப்பங்களைச் சரிசெய்கிறது. எலும்பு மீன்களில் எனக்கு மிகவும் பிடித்த அமைப்பு இது.

ஆனால் ஆசிரியை அம்மாவிடம் ஒரு மாற்றுக் கருத்து. சூரையை 'வெப்ப ரத்த மீன்' என்று பொதுவாகச் சொல்லக்கூடாது. அதன் இதயம் சூடாக இல்லை.

---

விலங்கியல் ஆசிரியை

பழுப்புத்தாள் சொல்வது முக்கியமானது. இதயத்துக்குச் சூடு போவதில்லை. அது சுற்றியுள்ள தண்ணீரின் வெப்பத்திலேயே துடிக்கிறது. அதனால்தான் மஞ்சள் துடுப்புச் சூரை பெரும்பாலும் மேலடுக்கு வெதுவெதுப்பான நீரிலேயே திரிகிறது. ஆழத்துக்குப் பாய்ந்தாலும் சீக்கிரம் திரும்பிவிடும். நீலத்துடுப்புச் சூரை குளிர்ந்த கடலிலும் தாக்குப்பிடிக்கும், அதன் இதயம் குளிரைத் தாங்கும் விதம் வேறு.

இப்போது செவுளுக்கு வருகிறேன். கண்மாய்க்கரை போட்ட கேள்விக்கு மையமே இதுதான். சூரையின் செவுள் பரப்பு மீன்களிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. வேகமாக வரும் தண்ணீரில் கிழியாமல் இருக்க அதன் இழைகள் இணைந்து உறுதியாக இருக்கும். விராலின் செவுள் உடம்பளவுக்குச் சிறியது. "காற்று மூச்சு இருப்பதால் செவுள் தேவையில்லை, சுருங்கிவிட்டது" என்று பாடப்புத்தகங்களில் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அதற்கும் மேலே ஒன்று உண்டு.

வற்றிய குட்டையில் தண்ணீரில் ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லை. விராலின் ரத்தமோ காற்றிலிருந்து எடுத்த ஆக்சிஜனோடு வருகிறது. அந்த ரத்தம் பெரிய செவுள் வழியாகப் போனால் என்ன ஆகும்? ரத்தத்திலிருந்து ஆக்சிஜன் தண்ணீருக்குக் கசிந்துபோகும். மேலே ஏறி வாங்கியதைக் கீழே வந்து குட்டைக்குத் தானம் கொடுத்த கதை. அதனால் சேற்றுநீரில் பெரிய செவுள் விராலுக்கு ஆபத்து. சூரைக்கு உயிர் தரும் உறுப்பு, விராலுக்குச் சேதம்.

---

அலைவாய்

டீச்சர் சொன்ன மேலடுக்கு வெதுவெதுப்புத் தண்ணி எங்க தொழிலுக்கு நேரா வருது. கீழ போகப் போகத் தண்ணி சட்டுன்னு குளுந்துபோற இடம் ஒண்ணு இருக்கு. மஞ்சள் துடுப்புச் சூரைக்குத் தூண்டிலை அந்த இடத்தை அனுசரிச்சுத்தான் இறக்குவோம். ரொம்ப ஆழமாப் போனா கயிறுதான் வரும், மீன் வராது.

---

விலங்கியல் ஆசிரியை

அரபிக்கடலில் அதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. அங்கே நடு ஆழத்தில் ஆக்சிஜன் மிகக் குறைந்த அடுக்கு பெரிய பரப்பில் கிடக்கிறது. உலகிலேயே பெரிய அடுக்குகளில் அது ஒன்று. அந்தத் தண்ணீரில் மஞ்சள் துடுப்புச் சூரையால் நீண்ட நேரம் இருக்க முடியாது. கண்மாயில் விரால் அன்றாடம் கடக்கும் நிலை, கடலில் சூரைக்குக் கீழே தாண்ட முடியாத தரையாக நின்றுவிடுகிறது.

---

கண்மாய்க்கரை

நான் இந்த இழையைத் தொடங்கியபோது தேடியது இதைத்தான். எனக்கு மிச்சமிருக்கிற கேள்வி ஒன்று. விரால் தாயும் தகப்பனும் குஞ்சைக் காவல் காக்கும். சிவப்புக் குஞ்சுக் கூட்டம் மேலே மொய்க்க, கீழே பெரியது நிற்பதைக் கண்மாயில் எல்லோரும் பார்த்திருப்போம். சூரை அப்படிக் கவனிப்பதில்லை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். குஞ்சிலேயே இந்த உடம்பு வித்தியாசம் தெரியுமா? குஞ்சு விராலும் காற்றுக்கு மேலே வருமா?

---

விலங்கியல் ஆசிரியை

சூரை திறந்த கடலில் லட்சக்கணக்கில் முட்டை விட்டுவிட்டுப் போய்விடும். முட்டை ஒரு மில்லிமீட்டர் அளவு. பொரித்தவுடன் சூரைக் குஞ்சும் விரால் குஞ்சும் சில மில்லிமீட்டர்தான். சூரைக் குஞ்சுக்கு அப்போது உடல் சூடு கிடையாது. உண்டாகும் சூட்டைச் சின்ன உடம்பு தேக்கவே முடியாது. ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளம் வந்த பிறகுதான் தசை தண்ணீரைவிடச் சூடாக இருக்கத் தொடங்குவதைச் சிறு சூரையினங்களில் அளந்திருக்கிறார்கள்.

நிற்காமல் ஓட வேண்டிய உடம்பு என்பதால் சூரைக் குஞ்சைத் தொட்டியில் வளர்ப்பதும் பெரும்பாடு. ஜப்பானின் கின்டாய் பல்கலைக்கழகம் 2002-இல் நீலத்துடுப்புச் சூரையை முட்டையிலிருந்து அடுத்த தலைமுறை முட்டை வரை வளர்த்துக் காட்டியது. அதற்குமுன் சுவரில் மோதிச் செத்த குஞ்சுகளே ஏராளம்.

---

சேத்துவயல்

விரால் குஞ்சு பொரிச்ச உடனே காத்துக்கு மேல வராது. முதல்ல தோலும் செவுளும் போதும். மூச்சு அறை வளர்ந்த பிறகுதான் மேல வந்து காத்து வாங்க ஆரம்பிக்கும். அந்தக் கட்டத்துலதான் எங்களுக்குக் குஞ்சு அதிகமா சாகும். தொட்டியில தண்ணி ஆழத்தைக் குறைச்சு வைங்க, ஆகாயத்தாமரையைப் பாதிக்கு மேல விடாதீங்க, எண்ணெய்ப் படலம் எதுவும் மேல நிக்கக்கூடாது. பெருசையும் சின்னதையும் அடிக்கடி பிரிச்சுப் போடணும். இல்லேன்னா காத்துக்கு மேல வர்ற சின்னதைப் பெருசு வழியிலயே முழுங்கிடும்.